நானூறு கிராம்

எங்கள் ஊரில் உப்பு வேண்டாம் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான். அங்கன்வாடி டீச்சர். மரக்காணம் உப்பளத்தை ஒட்டின ஊர். ஆறு மாதம் முடிந்ததும் குழந்தைக்குக் கஞ்சி, பருப்பு, மசித்த கிழங்கு எல்லாம் கொடுக்கலாம், ஒரு வயது வரை உப்பு மட்டும் கூடாது என்று மாதம் ஒரு கூட்டம் போட்டுச் சொல்வேன். எதிரே உட்கார்ந்திருக்கிற பெண்கள் விடியும் முன்னே அளத்துக்குப் போய்ப் பதினோரு மணி வரை உப்பு வாரிவிட்டு வந்தவர்கள். பாதமெல்லாம் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும்.

"எங்க பொழப்புலயே கை வெக்கிறியே டீச்சர்" என்று ஒருத்தி சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கூட்டம் நல்லபடியாக நடந்தது என்று ஃபோனில் பதிவு செய்துவிடுவேன். சிரிக்க வைப்பது எனக்கு வரும். வேலையில் வேறெது வரும் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

தேவா வீடு என் மையத்திலிருந்து நாலாவது. அவனும் அவன் மனைவி ஷாலினியும் அளத்து வேலை. பிப்ரவரியில் லாரியில் மூட்டை ஏற்றும்போது தேவா விழுந்து கால் முறிந்தது. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. அதிலிருந்து அவன் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, ஷாலினி மட்டும் அளத்துக்குப் போனாள். குழந்தையின் பெயர் திரௌபதி. தீமிதிக்கு நேர்ந்துகொண்டு வைத்தது. என் பெயர் பாஞ்சாலை. இரண்டும் ஒரே அம்மன்தான். நான் பழைய மாடல்.

ஏழாம் மாத எடைக்குப் போனபோது தராசை வாசல் நிலையில் மாட்டி, குழந்தையை வெறும் உடம்போடு துணித் தொட்டிலில் உட்கார வைத்தேன். ஐந்து கிலோ எழுநூறு. ஆறாம் மாதத்தில் இருந்ததைவிட நூறு குறைவு. வளர்ச்சி அட்டையில் மஞ்சள், அதாவது எடை போதாது.

"டீச்சர், மஞ்சள்னு போடாதீங்க" என்றான் தேவா.

"நானா போடுறேன்? உம் பொண்ணுதான் போடுறா."

"நர்ஸம்மா வருவாங்க டீச்சர். ஆஸ்பத்திரில சேருன்னுவாங்க. சீசன்ல ரெண்டு வாரம் ஷாலினி வரலன்னா மேஸ்திரி வேற ஆளப் போட்டுடுவாரு. நான் இப்டிக் கெடக்குறேன்." மாவுக்கட்டைத் தட்டிக் காட்டினான். பானையைத் தட்டின மாதிரி சத்தம் வந்தது.

அரைஞாணையும் கொலுசையும் திரும்ப மாட்டினேன். ஈரத்துணியைச் சுற்றினேன். ஐந்து தொள்ளாயிரம். பச்சைக்கு இன்னும் நூறு வேண்டும். சரியாக ஆறு என்று எழுதினால் சந்தேகம் வரும் அல்லவா? 6.1 என்று எழுதினேன். திருட்டிலும் ஒரு நேர்த்தி. ஆக மொத்தம், வெள்ளி நூறு கிராம், ஈரம் நூறு கிராம், மீதி இருநூறு கிராம் என் இளகிய மனசு.

உலகத்தில் எல்லாத் தராசும் குறைத்துத்தான் கொடுக்கும். என்னுடையது தாராளம்.

கிளம்பும்போது பால் புட்டியைப் பார்த்தேன். கஞ்சி இறங்க வேண்டும் என்று ஊசியைக் காய்ச்சி ரப்பரின் ஓட்டையைப் பெரிதாக்கியிருந்தான். புட்டி கூடாது, கிண்ணமும் கரண்டியும்தான் என்று சொல்வதற்குத்தான் எனக்கு வேலை. நான் சொன்னது, "இன்ஜினியர் ஆவ வேண்டிய ஆளுப்பா நீ." அவனுக்கு ஒரே பெருமை.

மறுமாதம் நர்ஸம்மா தானாகவே வந்தார். கூனிமேட்டிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற மெஹரூன்னிசா. எங்கள் பக்கத்து ஆறு ஊருக்கும் அவர்தான் கிராம நர்ஸ். சிரிக்க வைக்க முடியாத ஆள். மூன்று வருடமாக முயற்சி செய்கிறேன்.

"எட்டு மாசக் கொழந்தைங்கள எல்லாம் நானே ஒரு தடவ பாக்குறேன் பாஞ்சாலை. எத்தினி வீடு?"

"ஒண்ணுதான்" என்றேன். பொய் இல்லை. அந்த மாதம் ஒன்றுதான்.

தேவா வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து புட்டியைக் கொடுத்துக்கொண்டிருந்தான். குழந்தை அழவில்லை. என்னைப் பார்த்ததும் கையை ஆட்டுகிற குழந்தை, இன்று பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தது. நர்ஸம்மா அரைஞாண், கொலுசு, துணி எல்லாவற்றையும் கழற்றித் தொட்டிலில் வைத்தார். நான் முள்ளைப் பார்க்கவில்லை. தேவா என்னைப் பார்த்தான்.

"அஞ்சு ஐந்நூறு. செவப்பு." அட்டையைப் புரட்டினார். "போன மாசம் ஆறு கிலோ நூறு. யா அல்லாஹ்! ஒரே மாசத்துல அறுநூறா?"

புட்டியை வாங்கிக் குலுக்கினார். "இதுல மாவு எங்கப்பா இருக்குது?"

"தண்ணியாக் கரைச்சாத்தான் எறங்குது நர்ஸம்மா. நல்லாக் குடிக்கிறா. அழவே மாட்டா."

"தண்ணியில வயிறு ரொம்புனா எப்டி அழும்? இத நிறுத்து. ஆனா இது ஒண்ணால அறுநூறு எறங்காது. வேற ஏதோ நோய் இருக்குது. நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கணும், டிபி பாக்கணும், இருதயம் பாக்கணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதறேன்."

அவர் ஒவ்வொரு நோயாகச் சொல்லச் சொல்ல, அது என் கையெழுத்தில் இருப்பது போல இருந்தது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் எங்கே இருக்கிறதென்று தெரியாதே, அப்படி எனக்கு நெஞ்சு இருந்தது. சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வாய் மட்டும், "வெயில் இப்பவே எப்டிக் கொளுத்துது பாருங்க நர்ஸம்மா" என்றது.

அப்போதுதான் ஷாலினி வந்தாள். தலையில் சும்மாடு அப்படியே. கதவுப் பக்கமே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். தேவாதான் சொன்னான். அவள் வீட்டுக்குப் பின்னால் போனாள்.

"எங்க போறா?" என்றார் நர்ஸம்மா.

"அளத்துப் பால பீச்சி உடப் போறா" என்றான் தேவா.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பதினோரு மணி வரை வெயில் குடித்த உடம்பில் இருக்கிற பால் சூட்டுப் பால். அதைக் குழந்தைக்குக் கொடுத்தால் வயிற்றால் போகும். வந்ததும் தரையில் பீச்சி விட்டுவிட்டு, குளித்து, உடம்பு ஆறி, சாயங்காலம்தான் கொடுக்க வேண்டும். என் அம்மா அப்படித்தான் செய்தாள். நானும் அப்படித்தான் செய்தேன். அது தப்பு என்று சொல்கிற படம் என் மையத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதன் மேல்தான் காலண்டர் மாட்டியிருக்கிறேன்.

நர்ஸம்மா அடுப்படியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். திரும்பி வந்தபோது டம்ளர் நிறைய இருந்தது. தேவாவின் முன்னால் வைத்தார்.

"இதத்தான் தெனம் மண்ணுக்கு ஊத்தறீங்க. தொட்டுப் பாரு. சூடா இருக்குதா?"

அவன் தொடவில்லை. என்னிடம் நீட்டினார். வாங்கினேன். உடம்புச் சூடுதான். குழந்தையின் நெற்றியைத் தொட்ட மாதிரி இருந்தது.

"ஒடம்புதாம்மா சூடாவும். பால் சூடாவாது" என்றார் ஷாலினியிடம்.

ஷாலினி தலையை ஆட்டினாள். கேட்கவில்லை என்பதற்கான ஆட்டல். "ஒரே மாசத்துல அறுநூறு கொறஞ்சிருக்குதுன்றீங்க. சாயங்காலம் ஆறின பால்தான் குடுக்குறேன். அதக் குடிச்சே இப்டின்னா எம் பால்லதான் நோயி. எனக்குத் தெரியும். இனிமே குடுக்கல நர்ஸம்மா. மார்ல மல்லிப்பூ வெச்சுக் கட்டிக்கினு பால வத்த உட்டுடறேன்."

"லூசு மாதிரி பேசாத."

"எம் புள்ள நர்ஸம்மா. நான் குடுக்கல." தேவாவிடம் திரும்பினாள். "மாமா, தெருவுல பூக்காரி போறா. கூப்புடு."

உண்மையாகவே பூக்காரி போய்க்கொண்டிருந்தாள். தேவா ஊன்றுகோலைத் தேடினான். கூப்பிட்டிருப்பான்.

"போன மாசம் ஆறு நூறு இல்ல" என்றேன்.

நர்ஸம்மா திரும்பினார்.

"அஞ்சு எழுநூறு. நான் மாத்தி எழுதினேன். கொலுசோட நிறுத்தேன். பத்தல. அப்புறம் சும்மாவே ஏத்திப் போட்டேன்."

"நான்தான் கேட்டேன் நர்ஸம்மா" என்றான் தேவா.

"கேட்டது நீ. எழுதுனது அவங்க." அட்டையை என் மடியில் வைத்து, தன் பேனாவைக் கொடுத்தார். "அடிச்சுட்டு எழுதுங்க. பக்கத்துல கையெழுத்துப் போடுங்க."

அடித்தேன். எழுதினேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

நர்ஸம்மா அட்டையை வாங்கிப் பார்த்தார். "அஞ்சு எட்டு. அஞ்சு ஏழு. அஞ்சு அஞ்சு. ஷாலினி, இங்க பாரு. திடீர்னு எறங்கல. மெதுவா எறங்கியிருக்குது. டாக்டர் பாக்கட்டும், ஆனா எனக்குத் தெரிஞ்சு இது நோய் இல்ல. பசி. ஒங்கிட்ட இருக்குறதுதான் அதுக்கு மருந்து. அதத்தான் கொட்டற."

ஷாலினி அட்டையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"பொய்யா எழுதின டீச்சர்?"

"ஆமா."

"எனுக்கு வேல போவக் கூடாதுன்னா?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேலய நான் உட்டிருப்பேனே" என்றாள். சத்தமே போடவில்லை. போட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

சுவரோரம் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கினாள். டம்ளரிலிருந்து பாலாடைச் சங்கில் ஊற்றி வாயில் வைத்தாள். முதல் வாய் வெளியே வழிந்தது. இரண்டாவது உள்ளே போனது. பிறகு குழந்தையே பாலாடையைப் பிடித்து இழுத்தது. டம்ளர் காலியானது. அவள் பாதத்திலிருந்து உப்பு காய்ந்து தரையில் உதிர்ந்தது.

"ஒரு வயசு வரைக்கும் உப்பு கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல" என்றேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியாது. பழக்கம்.

யாரும் சிரிக்கவில்லை. ஷாலினி சேலைத் தலைப்பால் தரையைத் துடைத்தாள்.

அன்று மாலையே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினாலு நாள். மேஸ்திரி மூன்றாம் நாளே வேறு ஆளைப் போட்டுவிட்டார். எனக்கு மெமோ வந்தது: ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஒரு வாரத்துக்குள் விளக்கம் தர வேண்டும். என்ன எழுதினாலும் தமாஷாக வந்தது. கடைசியில், "நான் செய்தது தவறு" என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். மத்தியானம் தேவாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டான். புட்டியை அவனே உடைத்துப் போட்டிருந்தான். இன்ஜினியர் என்று நான் கூப்பிடவில்லை.

காலண்டரை வேறு சுவருக்கு மாற்றினேன்.

பத்தாம் நாள் மையத்தில் எடை பார்க்கும் நாள். அருக்காணி தன் பேரனைத் தொட்டிலில் வைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. ஷாலினி. அன்றைக்கு அப்புறம் அவள் என்னோடு பேசியதில்லை.

"எழுதிக்கோ டீச்சர். அஞ்சு எண்ணூத்தி எழுவது."

"துணியோடவா?"

"வெறும் ஒடம்பு. கொலுசு எம் பையில இருக்குது. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லியாம்." வார்டின் இரைச்சல் கேட்டது. ஏதோ குழந்தை அழுதது. "இவதான் அழுவுறா. பசி வந்துட்டா இப்பல்லாம் ஊரக் கூட்டுறா" என்றாள். வைத்துவிட்டாள்.

நோட்டில் எழுதினேன். 5.870. அதில் ஒரு கிராம்கூட என்னுடையது இல்லை. சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அந்தப் பல் டாக்டர் ஊசி இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது.

"என்னா டீச்சர், முள்ளு நிக்கிது பாரு, எழுது" என்றாள் அருக்காணி. பேரனின் காலில் கொலுசு இருந்தது. "அது இருக்கட்டும் டீச்சர். கழட்டுனா கத்துவான்."

"கத்தட்டும்" என்றேன். "கழட்டுங்க."