இது யார் முகவரி?

பிட்காயின் எடுக்கும் பெட்டியில் புதிய மென்பொருளை ஏற்றிக்கொண்டிருந்தபோது பாதியில் கரெண்ட் போனது. அதன்பிறகு பெட்டி எழுந்திருக்கவே இல்லை. அதை மேற்குத் தாம்பரத்தில் தனசேகரின் ரிப்பேர் கடைக்குத் தூக்கி வந்த ஜெயப்ரியா, அவர் கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் போனில் படம் எடுத்தாள்.

"இன்னாம்மா, கல்யாண ஆல்பம் போடப் போறியா?"

"சும்மாதாண்ணா."

சும்மா இல்லை. பெட்டி சம்பாதிப்பது போய்ச் சேரும் முகவரியை ரிப்பேர்க்காரர்கள் நைசாக மாற்றிவிடுவார்கள் என்று அவள் போகும் பிட்காயின் மாலை வகுப்பில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் அவள் கண் தனசேகரின் விரல்களை விட்டு நகரவில்லை.

அவர் மெமரி கார்டைச் செருகி மென்பொருளை முதலிலிருந்து ஏற்றினார். இருபது நிமிடத்தில் பெட்டி உயிர்பெற்றது. திரையில் ஒரு முகவரி வந்தது. அது அவளுடையது இல்லை.

"இது யார் முகவரி? உங்களுதா?"

"அய்ய, எனக்கு அந்த அதிர்ஷ்டம் வேற கீதா? அது கம்பெனி போட்டு அனுப்புறது. எல்லாம் அழிஞ்சா அதான் வரும். உன்னுத நீயே போட்டுக்கோ, நான் பாக்கல."

அவர் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஜெயப்ரியா தன் முகவரியை எழுதி வைத்திருந்த நோட்டைப் பார்த்து அதன் நாற்பத்திரண்டு எழுத்துகளையும் அடித்தாள். மூன்று முறை சரிபார்த்தாள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் எழுத்தைத் தாண்டிவிட்டதாகவே பட்டது. தனசேகரைவிடத் தன் கண்களைத்தான் இப்போது நம்ப முடியவில்லை.

"அண்ணா, திரையில இருக்கறத நீங்க சத்தமா படிங்களேன். நான் நோட்டைப் பாக்குறேன்."

"இப்போ மட்டும் நான் பாக்கலாமா?" என்று கேட்டபடி தனசேகர் திரும்பினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து நிதானமாகப் படிக்கத் தொடங்கினார்.