தானாக மூடிக்கொண்ட வால்வு

என் கணவர் பார்த்தெலெமிக்குப் பெருமை பிடித்துவிட்டால் பக்கத்தில் நிற்க முடியாது. அன்றைக்கு லியோன் நகரத்து மேட்டுச் சாலையின் அடியில் நின்றுகொண்டு, கார் தொழிற்சாலை முதலாளி ஷவாஸ்யூவிடம் அளந்துகொண்டிருந்தார்.

"மத்த வண்டியில ஓட்டுறவன் ஒரு கையால காத்துக் குழாயைத் திருகிக்கிட்டே இருக்கணும் ஐயா. பெட்ரோல் ஆவியோட காத்து ஜாஸ்தியா கலந்தா எஞ்சின் இருமும், குறைஞ்சா கரும்புகை. காத்தையும் பெட்ரோலையும் கலக்க நான் செஞ்ச இந்தக் கார்புரேட்டருக்குக் கையே வேணாம். வேகமாப் போனா இந்த வால்வு தானா திறக்கும். மேட்டுல மெதுவானா ஸ்பிரிங் இழுத்துத் தானா மூடிக்கும்."

மூடாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் சோதனையில் இதே மேட்டில் எஞ்சின் இருமத் தொடங்கியது. மாதக்கணக்கில் சரியாகத் தூங்காத மனிதரின் முகம் செத்துப்போனதைப் பார்க்கச் சகிக்கவில்லை. காற்று நுழையும் வாய் என் இருக்கைக்கு அடியில்தான் இருந்தது. பாவாடை மறைவில் கையை விட்டுப் பாதி பொத்தினேன். இருமல் நின்றது. அதற்குப் பிறகு, "நீ உக்காந்தாத்தான் ராசி" என்று ஒவ்வொரு முறையும் என்னை ஏற்றிக்கொண்டார். நானும் வாயைத் திறக்காமல் பொத்திக்கொண்டே வந்தேன்.

அன்றும் அப்படியே ஏறி இறங்கினோம். ஷவாஸ்யூவுக்குப் பரம திருப்தி.

"அம்மா கொஞ்சம் இறங்கிக்கட்டும். நானே உக்காந்து பாத்துடறேன்."

"தாராளமா!" என்றார் இவர்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாவாடையை ஒதுக்கிக்கொண்டு இறங்கினேன். பாதி மேட்டில் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றேவிட்டது. நான் மூச்சிரைக்க ஓடினேன். ஷவாஸ்யூ கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, "பலே வித்தைதான்!" என்று சொல்லி நடந்தே இறங்கிப் போனார்.

பார்த்தெலெமி ஸ்பிரிங்கை விரலால் அழுத்திப் பார்த்தார். "இத்தனை நாள் ஒழுங்கா மூடுச்சே, லெயோந்தீன்?"

"மூடல. நான்தான் கையால பொத்தினேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"எல்லாத் தடவையுமா?"

"ஆமா."

"மொத நாள், மேல ஏறினதும் உன்னைக் கட்டிப்பிடிச்சு அழுதேனே... அன்னைக்குமா?"

வெட்கத்தில் கூனிக்குறுகிப்போய்த் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் வண்டியைத் திருப்புவதற்காகத் தள்ளினார். அது அசையவில்லை. நானும் தள்ளப் போனேன்.

"நீ கை வெக்காத" என்றார்.