பின் சீட்டுத் தூக்கம்

எனக்குத் தூக்கம் வருவது காரின் பின் சீட்டில்தான். நைட் டியூட்டி முடிந்து, மைசூரில் ஆஸ்பத்திரி வாசலில் காலை ஏழரைக்கு ஏறினால், சாமுண்டி மலை தாண்டுவதற்குள் கண் சொக்கிவிடும். நஞ்சன்கூட்டில் வீட்டு வாசலில், வண்டி ஓட்டிவந்த என் வீட்டுக்காரர், கார்ல் என்று பெயர், எழுப்புவார். பன்னிரண்டு வருடமாக இதுதான் வழக்கம். டீசல் வண்டியின் கடகடப்பு எனக்குத் தாலாட்டு. சர்ச்சில்கூடக் கேலி செய்வார்கள்: "டிராக்டர் சத்தம் கேட்டுச்சே, ஈவ்லின் வந்தாச்சா?"

வண்டிக்குப் பதினைந்து வயது முடிந்தது. கம்பெனி டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது; பாகங்கள் கிடைக்கவில்லை. கார்ல் அதைக் கழித்துவிட்டு எலெக்ட்ரிக் கார் எடுத்தார். அதில் எனக்கு அன்றுதான் முதல் பயணம்.

அன்று இன்னொன்றும் இருந்தது. ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரி மூன்று வருட வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தது. மத்தியானத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். கார்லிடம் பத்துத் தடவை கேட்டுவிட்டேன். "உன் இஷ்டம்" என்பார், ரசத்துக்கு உப்பு போதுமா என்று நான் கேட்டதுபோல. ஆத்திரமாக வரும். இந்த மனுஷனுக்கு நான் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். கோபத்தில் போய்விடலாம் என்று ஒரு நாள் தோன்றும். இந்தக் கோபத்தைச் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் எப்படிப் போவது என்று மறுநாள் தோன்றும்.

வண்டி நகர்ந்ததே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். வெளியே பனி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டே வந்தது. உடம்பு தண்ணீரில் கிடப்பதுபோல மிதந்தது. தூக்கமா விழிப்பா என்று புரியாத நிலையில், எங்கிருந்தோ மெதுவாக ஒரு குரல் கேட்டது. கனவு என்றே நினைத்தேன்.

"மாதாவே, இன்னைக்கு அவ பதில் சொல்லணும். போகட்டும், நல்ல சான்ஸு. நான் போகாதேன்னா நின்னுடுவா, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஆனா கொடியில அவ யூனிஃபார்ம் காயலைன்னா அந்த வீட்டுக்குள்ள எப்படி நுழையறதுன்னு தெரியல."

கனவில்லை. கார்ல்தான். சாலையைப் பார்த்தபடி, பக்கத்தில் ஆள் இருப்பதுபோலப் பேசிக்கொண்டிருந்தார். வண்டியில் சத்தமே இல்லை என்பது பழக்கதோஷத்தில் அவருக்கு மறந்துவிட்டது.

"ஏங்க," என்றேன்.

வண்டி லேசாகத் தடுமாறியது. "நீ தூங்கலையா?"

"எத்தனை நாளா இப்படிப் பேசறீங்க?"

கடகொளா தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். காது சிவந்திருந்தது. "சும்மா ஏதோ, ஈவ்லின். நீ பின்னாடி தூங்க ஆரம்பிச்சதுலேருந்துதான். எஞ்சின் சத்தத்துல உனக்குக் கேக்காதுல்ல."

பன்னிரண்டு வருடம். எங்கள் பிள்ளை வயிற்றிலேயே இறந்த வருடமும் அதில் இருக்கிறது. அப்போது இவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்று நான் சொந்தக்காரர்களிடமெல்லாம் குறை சொல்லியிருக்கிறேன். இவர் பேசியிருக்கிறார். நான்தான் வாயைப் பிளந்து தூங்கியிருக்கிறேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே சிரிப்பும்.

இறங்கிப் போய் முன் சீட்டில் உட்கார்ந்தேன். நான் இல்லாமல் இவருக்கு முடியாது என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் போகிற தைரியமே வந்தது.

"நான் போயிட்டு வரேங்க," என்றேன்.

கார்ல் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"தினமும் காலைல போன் பண்ணு," என்றார். "நான் பேசறேன்."