ஒன்பதாவது ஆள்

மலர்கொடி எழுதிய நிரல் முதன்முதலாகத் தடங்கலின்றி ஓடிய காலையில், நெய்வேலி நகரியம் இருபத்தோராம் வட்டத்துப் பால் பூத் வரிசையில் ஒன்பதாவதாக நின்றிருந்த சிங்காரவேல் கண்ணுக்குத் தெரியாமல் போனார். போனது அவருக்கே தெரியவில்லை. தன் கையும் கையிலிருந்த கட்டைப்பையும் அவருக்கு எப்போதும் போலத்தான் தெரிந்தன. அடுத்து வந்த ஆசிரியை ஒருவர் இடம் காலியாக இருக்கிறது என்று நினைத்து நின்று, அவர் காலை மிதித்து, மிதித்த கணத்தில் தானும் மறைந்தார். பூத்துக்காரர் நிமிர்ந்து பார்த்தபோது எட்டுப் பேர் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆளில்லாமல் இரண்டு குரல்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. முன்னால் நின்றவர் பால் வாங்கிக்கொண்டு நகர்ந்ததும் சிங்காரவேல் தெரிந்தார். அடுத்தவர் நகர்ந்ததும் ஆசிரியை தெரிந்தார். அன்று பால் வண்டி தாமதம், தயிர் வரவே இல்லை. வட்டத்தில் தயிரைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

மலர்கொடி அதே வட்டத்துக் குவார்ட்டர்ஸ் ஒன்றில் இருந்தாள். மேல்பட்டாம்பாக்கத்துப் பெண், சிலம்பரசனைக் கட்டிக்கொண்டு நெய்வேலிக்கு வந்தவள். அவன் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன், பெர்மனென்ட். அவள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தாள். பிறர் எழுதிய நிரல்களில் பிழை தேடித் தருகிற வேலை. நாள் முழுதும் அடுத்தவர் தப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறோமே, நாமாக ஒன்றும் செய்யவில்லையே என்ற குறை அவளுக்கு உள்ளுக்குள் இருந்தது. மிக்சி ரிப்பேருக்காக மெயின் பஜாரில் தாஜுதீன் கடைக்குப் போன அன்று, செத்துப்போன ரேடியோக்களுக்கு நடுவே ஒரு பழைய டிவி கேம் பெட்டியைப் பார்த்தாள். காஸ்மோ என்று பெயர். தாஜுதீனின் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. தொண்ணூறுகளில் பஜார் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தக் கடையில் உட்கார்ந்து அதில் ஆடியிருந்தார்கள். அதைத் தயாரித்த கம்பெனி இழுத்து மூடப்பட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"உள்ள இருக்கற சில்லு செத்துகினே வருது தங்கச்சி," என்றார் தாஜுதீன். "ஒரு வருஷம் தாங்குமோ, ரெண்டு வருஷம் தாங்குமோ. அது போச்சின்னா இந்தக் கேசட்டுங்க எல்லாம் வெறும் பிளாஸ்டிக்குதான்."

"இதுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களாண்ணே?"

"தேடிப் பாத்துட்டேன். ஓடற பெட்டியே இது ஒண்ணுதான் மிச்சம். தெரிஞ்சவங்க உலகத்துல ஒருத்தரும் இல்ல."

ஒருத்தரும் இல்லை என்ற சொல் மலர்கொடியைப் பிடித்துக்கொண்டது. மிக்சியை அங்கேயே மறந்துவிட்டுப் பெட்டியையும் அதன் ஆட்டக் கேசட்டுகளையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு வந்த சில வருடங்கள் அவளுக்கும் தாஜுதீனுக்கும் எப்படிப் போயின என்றே தெரியவில்லை. கேசட்டுக்குள் இருப்பதை வெளியே எடுத்துக் காட்டும் பலகை ஒன்றைத் தாஜுதீன் பற்றவைத்துச் செய்தார். வெளியே வந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று மலர்கொடி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். பிறகு, நாம் எழுதுவதை அந்தப் பெட்டிக்குப் புரியும் எண்களாக மாற்றும் கருவியை எழுதினாள். அதற்கும் பிறகு, இல்லாத பெட்டியை இருப்பதாகக் கணினியை நம்பவைக்கும் பெரிய நிரலை ஆரம்பித்தாள். எமுலேட்டர் என்று அதற்குப் பெயர். அது முதன்முதலாக ஓடியபோது திரையில் வந்தது வெறும் நீலம். இருவரும் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு டீயை ஆறவிட்டார்கள். ஒரு நாள் ஆட்டத்தின் பெயர் வந்தது. எழுத்துகள் தலைகீழாக இருந்தன. மலர்கொடி சமையல்கட்டில் இருந்த சிலம்பரசனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். அவன் தலையைச் சாய்த்துப் படித்துவிட்டு, நல்லா இருக்கு என்றான். அப்போதே ஓர் அறிகுறி இருந்தது. நிறங்களின் எண்களை அவள் மாற்றிப் போட்டிருந்த வாரத்தில், வீட்டு வாசலில் இருந்த கொய்யா மரத்தின் இலைகள் எல்லாம் ஊதாவாக இருந்தன. சிலம்பரசன் வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றினான். எண்களைத் திருத்தியதும் மரம் பச்சைக்குத் திரும்பியது. அணில்கள் மட்டும் கொஞ்ச நாள் அந்தப் பக்கம் வரவில்லை.

காஸ்மோவுக்கு ஒரு குறை உண்டு. திரையில் ஒரே வரிசையில் எட்டு உருவங்களுக்கு மேல் வந்தால் அதனால் வரைய முடியாது, ஒன்பதாவதிலிருந்து விட்டுவிடும். அந்த உருவம் அங்கேதான் இருக்கும். மோதினால் மோதும், அதன் சத்தமும் கேட்கும். கண்ணுக்கு மட்டும் தெரியாது. அந்தக் குறையையும் அப்படியே எழுதினால்தான் அது காஸ்மோ என்பது மலர்கொடியின் பிடிவாதம். எழுதினாள். அசல் பெட்டியையும் தன் நிரலையும் அருகருகே ஓடவிட்டாள். இரண்டு திரைகளும் ஓர் இமைப்பொழுதும் பிசகாமல் ஒன்றுபோல ஓடின. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அசல் பெட்டியிலிருந்து மெல்லிய புகை வந்து, சில்லு அணைந்தது. இனி உலகத்தில் இருக்கும் ஒரே காஸ்மோ அவள் எழுதியதுதான். பால் பூத்தில் சிங்காரவேல் மறைந்தது அந்த நேரத்தில்தான்.

நகரியம் சீக்கிரமே பழகிக்கொண்டது. பள்ளிப் பிரார்த்தனையில் பிள்ளைகளை எட்டு எட்டாகப் பிரித்து நிறுத்தினார்கள். கல்யாணப் பந்தியில் எட்டாவது இலைக்கு அந்தப் பக்கம் சோறு தானாகக் குறைவதைப் பார்த்து, குரல் வந்த இடத்தில் சாம்பார் ஊற்றக் கற்றுக்கொண்டார்கள். மலர்கொடிக்குப் பயத்தைவிட ஆச்சரியமே பெரிதாக இருந்தது. தான் எழுதிய ஒன்று ஊரில் ஓடுகிறது என்ற நினைப்பில் தெருவில் நடக்கும்போதே வரிசைகளை எண்ணிக்கொண்டு போனாள்.

அந்த நினைப்பு ரவுண்டானாவில் உடைந்தது. காலை ஷிப்டுக்குச் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றிவந்த மினி லாரி, அவை போகட்டும் என்று நின்றது. எட்டாவது சைக்கிள் கடந்ததும் கிளம்பியது. ஒன்பதாவதில் சிலம்பரசன் இருந்தான். டிரைவர் நல்ல மனிதர். ஆள் கண்ணுக்குத் தெரிந்ததும் தானே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, "ரோட்டுல ஆளே இல்லீங்க. பெல்லு சத்தம் மட்டும் கேட்டுது," என்று எல்லோரிடமும் அழுதுகொண்டு சொன்னார்.

கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். சிலம்பரசன் கோபப்படவில்லை. "ஒன்ன ஒண்ணும் சொல்லல மலரு," என்றான். "வலி கூட பெருசா தெரியல. நடுரோட்டுல கெடந்துகினு கத்தறேன். எல்லாரும் எனக்கு அந்தப் பக்கம் பாக்கறாங்க. அதான் தாங்க முடியல."

மலர்கொடி வீட்டுக்கு வந்து நிரலை நிறுத்தினாள். கணினியின் ஒயரையும் பிடுங்கினாள். பலனில்லை. கடைசியாக ஓடியது எதுவோ அதுவே ஊரில் நின்றது. மாலை பஸ் ஸ்டாண்டு வரிசையில் ஒன்பதாவது ஆள் தெரியவில்லை. தாஜுதீன் கடையை அடைத்துவிட்டு வந்தார்.

"எட்டுங்கற கணக்கத் தூக்கிடு. எத்தனை பேரு நின்னாலும் வரையட்டும்."

"அப்ப அது காஸ்மோவா இருக்காதுண்ணே."

"மாப்பிள்ளை காலு ஒடிஞ்சி படுத்துகினு இருக்காரு தங்கச்சி. அது காஸ்மோவா இல்லாட்டி என்ன."

அவள் பிடுங்கிய ஒயரைத் திரும்பச் செருகினாள். ஒரே ஒரு எண்ணை மாற்றி ஓடவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் ஒன்பதாவது ஆள் தெரிந்தார், அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் தெரிந்தார்கள். அதோடு நிற்கவில்லை. அவர்களுக்கும் பின்னால், இதுவரை யாரும் பார்த்திராத ஆட்கள் தெரிய ஆரம்பித்தார்கள். சுரங்கமும் குவார்ட்டர்ஸும் வருவதற்கு முன்னால் அந்த மண்ணில் குடியிருந்தவர்கள் அவர்கள். முந்திரிக்கொட்டைச் சாக்குகளோடும் மண்வெட்டிகளோடும் மாடுகளோடும் வட்டங்களின் குறுக்கே வரிசையாக நின்றார்கள். பேய்கள் அல்ல, வெயிலில் அவர்களுக்கு நிழல் விழுந்தது, கொசு கடித்தால் சொறிந்துகொண்டார்கள். சேத்தியாத்தோப்பு பஸ்ஸுக்கான வரிசையில் கூடையோடு நின்ற ஒருத்தி தன் பெயர் ஆதிலட்சுமி என்றாள். இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று கண்டக்டர் துரைராஜ் கேட்டார்.

"எங்கயும் போவலீங்க," என்றாள் ஆதிலட்சுமி. "இங்கதான் நின்னுகினு இருக்கோம். எங்க முறை இன்னும் வரல."

அத்தனை பேரையும் ஒரே சமயத்தில் வரைய காஸ்மோவுக்குச் சக்தி போதவில்லை. நகரியம் மெதுவாகிவிட்டது. காலையில் அடுப்பில் வைத்த பால் மத்தியானம் பொங்கியது. மைதானத்தில் ஒரு பையன் தூக்கி அடித்த பந்து நாள் கணக்கில் வேப்பமரத்துக்கு மேலே நின்றது. கீழே ஒருவன் கையை விரித்தபடி காத்திருந்தான். சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சதச் சக்கரங்கள் திரும்புவதே தெரியவில்லை. சிலம்பரசனின் எலும்பு கூடுவதும் அப்படியே தாமதமானது. அதுதான் மலர்கொடியை அரித்தது. எட்டுக் கணக்கை மறுபடி வைத்தால் எல்லாம் வேகமாகிவிடும், புதிதாக வந்தவர்கள் மறைந்துவிடுவார்கள் என்ற செய்தி பரவியதும், வைத்துவிடச் சொல்லி ஒரு கூட்டம் அவள் வாசலுக்கு வந்தது. சிங்காரவேலும் கூட்டத்தோடு வந்திருந்தார். ஆனால் அவர் பேசியது வேறு.

"கண்ணுக்குத் தெரியாம நின்னவன் நான். எதிர்ல இருக்கறவன் ஒன்னத் தாண்டிப் பாக்கறான் பாரு, அது நல்லா இல்லம்மா. அவங்கள அனுப்பிடுன்னு என்னால சொல்ல முடியாது."

மலர்கொடி உள்ளே போய்ப் பழைய கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்க உட்கார்ந்தாள். பறவைகளைப் பிடிக்கும் ஆட்டம் ஒன்று இருந்தது. அதில் ஒரே வரிசையில் எட்டுக்கும் மேற்பட்ட கொக்குகள் பறக்கும். ஆனால் ஒரு கொக்கும் காணாமல் போகாது. எப்படி என்று அவள் இதுவரை யோசித்ததே இல்லை. எண்களை வரிவரியாகத் தொடர்ந்து போனபோது, எழுதியவர் செய்திருந்தது விளங்கியது. ஒவ்வொரு முறை வரையும்போதும் வரிசையின் தொடக்கத்தை அவர் ஓர் இடம் தள்ளி வைத்திருந்தார். இந்த முறை விடுபட்ட கொக்கு அடுத்த முறை முதலில் வரும். எல்லாக் கொக்குகளும் முறைபோட்டுக்கொண்டு ஓர் இமைப்பொழுது மறைந்தன. எதுவும் மறைந்தே இருக்கவில்லை.

அவள் செருப்பைக்கூடப் போடாமல் பஜாருக்கு ஓடினாள். ஊர் மெதுவாக இருந்ததால் ஓட்டமும் மெதுவாகத்தான் நடந்தது. மத்தியானம் புறப்பட்டவள் பொழுது சாயும்போதுதான் கடைக்குப் போய்ச் சேர்ந்தாள். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில், கண்டுபிடித்த சந்தோஷம் கொஞ்சமும் குறையவில்லை. தூக்கிய கால் தரைக்கு வருவதற்குள் புது நிரலின் பாதியை மனசுக்குள் எழுதிவிட்டிருந்தாள்.

"யாரையும் மறைச்சி வைக்க வேணாம்ணே," என்றாள் வாசலிலேயே. "எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் மறைஞ்சிக்கலாம்."

தாஜுதீனுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் பற்றவைக்கும் இரும்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நம்ம கருவியிலயே எழுதிடு. மொத மொத நம்ம கேசட்டு. ஓடட்டும்."

எழுதினார்கள். மலர்கொடி எட்டுக் கணக்கை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். அதன் மேல் தங்கள் நிரலை ஏற்றி ஓடவிட்டாள். மைதானத்தில் பந்து இறங்கியது. கையை விரித்துக் காத்திருந்தவன் அதைக் கோட்டைவிட்டான். ராட்சதச் சக்கரங்கள் சுற்றின. அன்றிலிருந்து நகரியத்தில் எட்டுப் பேருக்கு மேல் வரிசையில் நின்றால், முதலில் நிற்பவர் கடைசியில் நிற்பவர் என்ற வித்தியாசமில்லாமல் எல்லோரும் ஆளுக்கு ஓர் இமைப்பொழுது மறைந்து திரும்புகிறார்கள். அதிகாரியானாலும் ஒப்பந்தத் தொழிலாளியானாலும் அதே இமைப்பொழுதுதான். ரவுண்டானாவில் லாரிக்காரர்கள் மினுக்கும் வரிசையைக் கண்டால் அது முழுக்கப் போகும்வரை நிற்கிறார்கள். சிலம்பரசன் தேறி மறுபடி காலை ஷிப்டுக்குச் சைக்கிளில் போகிறான். மலர்கொடியின் கருவிகளை எந்தெந்த நாட்டிலிருந்தோ எடுத்துக்கொண்டு, காஸ்மோவுக்குப் புது ஆட்டங்கள் எழுதுகிறார்கள். அவற்றை அவளும் தாஜுதீனும் முதலில் நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஓடவிடுகிறார்கள்.

ஒருவர் மறையும் இடைவெளியில், முன்பு அந்த மண்ணில் குடியிருந்தவர்களில் ஒருவர் அந்த இடத்தில் தெரிகிறார். வரிசை நீளமாக இருந்தால் அவர்களுக்கும் முறை வருகிறது. ஆதிலட்சுமி பெரும்பாலும் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில்தான் ஏறுகிறாள். முதல் நாள் எங்கே இறங்க வேண்டும் என்று துரைராஜ் கேட்டதற்கு, ஆத்திக்கொல்லை என்றாள். அந்தப் பெயரில் இப்போது ஊரும் இல்லை, நிறுத்தமும் இல்லை. சாலையோரக் கம்பிவேலியும் அதற்கு அப்பால் சுரங்கத்துப் பள்ளமும்தான் இருக்கின்றன. துரைராஜ் அதைச் சொல்லிப் பார்த்தார். இப்போதெல்லாம் அவர் சொல்வதில்லை. வேலி ஆரம்பித்ததும் விசில் கொடுக்கிறார். பஸ் நிற்கிறது. அவள் கண்ணுக்குத் தெரியாத நேரத்திலும் படிக்கட்டு ஓர் ஆள் எடைக்குத் தாழ்ந்து எழுகிறது. நின்றுகொண்டு வருபவர்கள் கூடை இடிக்காமல் ஒதுங்கி வழிவிடுகிறார்கள்.