மூன்றாவது வருடமும் ராணியா?

புது ராணிக்கான போட்டிக்கு வந்திருந்தது ஒரே ஒரு பெண். அவளும் தோற்றுவிடுவாள் போலிருந்தது.

டிரை ஃபோர்க் கவுண்டியில் குதிரை, மாட்டுச் சாகச விழாவான ரோடியோவின் நடப்பு ராணி மார்லிஸ் டன்வுடி, வேலிக் கம்பியில் முழங்கையை ஊன்றியபடி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் கிரீடம் பொருத்திய வெள்ளைத் தொப்பி. மார்பின் குறுக்கே ராணிப் பட்டை. உதட்டில் புன்னகை. புன்னகை பழக்கத்தால் ஒட்டிக்கொண்டிருந்தது.

ராணியாக இருக்கும்வரை கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. அது ஒரு விதி. புது ராணி வரும்வரை பழைய ராணி பதவியிலிருந்து இறங்க முடியாது. அது இன்னொரு விதி. நூற்றுக்கு எழுபது எடுக்காதவளுக்குக் கிரீடம் கிடையாது, எதிரே போட்டிக்கு ஆளே இல்லாவிட்டாலும். இந்த மூன்றாவது விதியை எழுதியவர் யாரென்று தெரிந்தால், அவரை ஒருமுறை தனியாகச் சந்திக்க மார்லிஸ் விரும்பினாள்.

சென்ற வருடம் போட்டிக்கு யாருமே வரவில்லை. ஒரு வருடப் பதவி இரண்டு வருடமானது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், மாட்டுப்பண்ணை வாழ்க்கையின் மேன்மை பற்றி ஒரே உரையை அறுபத்தொரு முறை நிகழ்த்தினாள். ஆகஸ்டில் நடக்கவேண்டிய கல்யாணம் அடுத்த ஆகஸ்டுக்குப் போனது.

மாப்பிள்ளை கோர்ட் ஹாலிங்ஸ் வந்து பக்கத்தில் நின்றான். ரோடியோவில் முரட்டுக் குதிரையிலிருந்து விழப்போகிறவர்களைப் பாய்ந்துபோய்ப் பிடித்து இறக்குவது அவன் வேலை.

“என்ன ராணியம்மா, எவ்வளவு எடுத்திருக்கா?”

“பேச்சு, நேர்காணல் எல்லாம் சேர்த்து அறுபதுக்கு அம்பத்தெட்டு. சவாரிக்கு நாப்பது. அதுல பன்னெண்டு எடுத்தாப் போதும்.”

“எடுப்பாளா?”

“விழாம இருந்தா எடுப்பா.”

“விழுவாளா?”

மார்லிஸ் ராணிப் பட்டையை நேராக்கிக்கொண்டாள்.

“மண்டபத்துக்காரன் வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு கேக்குறான்,” என்றான் கோர்ட். “இந்த வருஷமும் தள்ளிப்போச்சுன்னா கல்யாண கேக்கை நாய்க்குப் போட்டுடுவேன்னு அம்மா சொல்லிட்டாங்க.”

“கேக்கு இன்னும் செய்யவே இல்லையே?”

“செஞ்சு போடுவாங்களாம்.”

போட்டிக்கு வந்த அந்த வில்லா ஏம்ஸ்பரிக்கு வயது பதினெட்டு. விதிப்புத்தகத்தின் நாற்பத்திரண்டு பக்கமும் அவளுக்கு மனப்பாடம். மாட்டுக்கு வரும் நோய்களை அகர வரிசையில் ஒப்பித்து நடுவர்களைக் கிறங்கடித்திருந்தாள். சவாரியில்தான் சிக்கல். அவள் பழகியது பிஸ்கட் என்ற ஒரே குதிரையில். பிஸ்கட்டுக்கு இருபத்தாறு வயது. நடப்பதையே அது கடும் உழைப்பாகக் கருதியது.

போட்டியிலோ அவரவர் குதிரையில் ஏறக் கூடாது. போட்டியாளர்கள் குதிரைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிக்கொள்ள இன்னொருத்தி இல்லாததால், நடப்பு ராணியின் குதிரையே வில்லாவுக்கு வந்தது. ஏறுவதற்குமுன், குதிரைக்குச் சொந்தக்காரி அதன் குணங்களை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட வேண்டும்.

ராணிக் குழுவின் தலைவி வெர்னா ஸ்ட்ராட் கடிகாரத்தோடு வந்து நின்றார். நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய ராணி. அன்றைக்குச் செய்துகொண்ட சிகை அலங்காரம் இன்னும் கலையவில்லை.

“ஒரு நிமிஷம் கண்ணு. ஆரம்பி.”

“இவன் பேரு டீக்கன். வயசு ஒம்பது,” என்றாள் மார்லிஸ். “இடது பக்கம் திரும்பக் கொஞ்சம் முரண்டு பண்ணுவான். வாயை இழுக்காத. லேசாப் பிடிச்சாப் போதும்.”

வில்லா டீக்கனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

“ஓடுமா?”

டீக்கனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. முதுகில் இருப்பவள் வலது கையைத் தூக்கினால் நாலுகால் பாய்ச்சலில் மைதானத்தைச் சுற்ற வேண்டும். இரண்டு வருடமாக ஒவ்வொரு ரோடியோவிலும் அதைத்தான் செய்தது. கூட்டம், கொட்டு எதுவும் தேவையில்லை. போன கோடையில் அதன்மேல் பெட்ரோல் பங்க் பக்கமாகப் போகும்போது தெரிந்தவர் ஒருவருக்கு மார்லிஸ் கைகாட்டினாள். நெடுஞ்சாலையில் போய்த்தான் நின்றது.

சவாரியின் முதல் வேலையே நடுவர்களுக்கு வலது கையைத் தூக்கி வணக்கம் வைப்பதுதான். இதைச் சொன்னால் இந்தப் பெண் ஏறமாட்டாள். ஏறாவிட்டால் சைபர். சைபர் என்றால் மூன்றாவது வருடம்.

“இவனா?” என்றாள் மார்லிஸ். “நின்னுக்கிட்டே தூங்குவான்.”

“நிஜமாவா?”

“நேரம் முடிஞ்சுது,” என்றார் வெர்னா. வாழ்க்கையில் முதல்முறையாக மார்லிஸுக்கு அவரைப் பிடித்திருந்தது.

பயந்தவர்கள் கையை அரைகுறையாகத்தான் தூக்குவார்கள் என்று மார்லிஸ் கணக்குப் போட்டிருந்தாள். வில்லா முழுதாகத் தூக்கினாள். புத்தகத்தில் இருந்தபடி, காதுக்கு நேராக, விரல்களைச் சேர்த்து.

டீக்கன் கிளம்பியது.

முதல் திருப்பத்தில் தொப்பி பறந்தது. இரண்டாவது திருப்பத்தில் இடது கால் அங்கவடியிலிருந்து நழுவியது. தூக்கிய கையை நடுவர் தலையசைத்த பிறகே இறக்க வேண்டும் என்பது விதி. தலையசைக்கும் நிலையில் நடுவர் யாரும் இல்லை. எனவே பாதிச் சுற்றுவரை அவள் இறக்கவில்லை. பிறகு இரண்டு கையாலும் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ஒரு சுற்று முடிந்ததும் டீக்கன் வாசலில் வந்து நின்றது. கடமையை முடித்த திருப்தியோடு மூச்சுவிட்டது. வில்லா சேணத்திலிருந்து மூட்டை மாதிரி வழுக்கி இறங்கினாள்.

தலைமை நடுவர் பக்கத்து கவுண்டியில் மாடு ஏலம் விடுகிறவர். தாளைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார்.

“எட்டு வடிவத்துல சுத்தணும்னு இருக்கு. பொண்ணு வட்டம் போட்டிருக்கு. நல்ல வட்டந்தான். ஆனா சைபர்.”

வெர்னா மார்லிஸின் கையைக் குலுக்கினார். “வாழ்த்துகள் கண்ணு. மூணாவது வருஷம். இதுவரைக்கும் யாரும் இருந்ததில்ல.”

கோர்ட் தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டான். அவனைப் பொறுத்தவரை அது கூச்சல் போடுவதற்குச் சமம்.

அப்போதுதான் வில்லா வந்தாள். தலையெல்லாம் மண். பல்லிலும் மண்.

“பதினாலாவது விதி,” என்றாள். “குதிரையோட கெட்ட பழக்கத்தைச் சொந்தக்காரி தெரிஞ்சே மறைச்சா, அதே குதிரையில மறுபடி சவாரி பண்ணலாம். ஓடுமான்னு நான் கேட்டேன். இப்படி ஓடும்னு அவங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? கேளுங்க மேடம்.”

வெர்னாவின் முகம் மாறியது. “மறைச்சது ராணின்னா பட்டம் பறிபோயிடும். அது பதினஞ்சாவது விதி.” மார்லிஸ் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். “நிதானமா யோசிச்சுச் சொல்லு கண்ணு. தெரியாதுன்னு சொன்னா இதோட முடிஞ்சுது.”

மார்லிஸ் யோசித்தாள். தெரியாது என்றால் மானம் மிஞ்சும், கிரீடம் மிஞ்சும், இன்னும் அறுபத்தொரு உரைகள் மிஞ்சும். கல்யாணம் மிஞ்சாது. தெரியும் என்றால் இன்றைக்கே விடுதலை. ஆனால் மாலையில் ராணியாக மைதானத்தை வலம்வர முடியாது. அதைப் பார்க்க அப்பா நாற்பது சொந்தக்காரர்களை வரவழைத்திருந்தார். பாதிப் பேர் ஏற்கெனவே வந்து இடம்பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

வில்லா இன்னும் மண்ணைத் துப்பிக்கொண்டிருந்தாள். ஆனாலும் அதே குதிரையில்தான் மறுபடி ஏறுவேன் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் இடத்தில் நானாக இருந்தால் இந்நேரம் வீட்டில் இருப்பேன் என்று மார்லிஸுக்குத் தோன்றியது.

“தெரியும்,” என்றாள். “கையைத் தூக்கினா ஓடுவான். ரெண்டு வருஷமா தெரியும். சொன்னா நீ ஏறமாட்டேன்னுதான் சொல்லல.”

“அடிப்பாவி,” என்றாள் வில்லா, மரியாதையோடு.

பட்டம் அங்கேயே பறிக்கப்பட்டது. பட்டை ஒரு நொடியில் வந்துவிட்டது. தொப்பி வரவில்லை. எந்தக் காற்றிலும் பறக்கக் கூடாதென்று பதினோரு ஊசி குத்தி, உள்ளே ஒட்டுநாடா வைத்திருந்தாள். வெர்னா ஒவ்வொன்றாக உருவினார். ஏழு நிமிடம் ஆனது. அவமானம் இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நடுவர்களில் ஒருவர் கடலை வாங்கிவரப் போனார்.

வில்லா மறுபடி ஏறினாள். ஏறியதும் தலைமை நடுவரைப் பார்த்துக் கேட்டாள்:

“வணக்கம் கையாலதான் வைக்கணும்னு எங்கயாவது எழுதியிருக்கா சார்?”

அவர் புத்தகத்தைப் புரட்டினார். “வணக்கம் வைக்கணும். அவ்வளவுதான் இருக்கு.”

வலது கையை இடுப்புப் பட்டைக்குள் செருகிக்கொண்டு வில்லா தலையை மட்டும் குனிந்தாள். டீக்கன் காதைத் திருப்பிக் காத்திருந்தது. கை வரவில்லை. வேறு வழியில்லாமல் சொன்னபடி நடந்தது. அவள் போட்ட எட்டு, எட்டு மாதிரியும் இருந்தது, உருளைக்கிழங்கு மாதிரியும் இருந்தது. இடது திருப்பத்தில் டீக்கன் ஒருமுறை முழுதாக நின்றுவிட்டது. அவள் விழவில்லை.

பதின்மூன்று. மொத்தம் எழுபத்தொன்று.

கைதட்டல் ஓய்ந்ததும் வெர்னா பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேலிப் பக்கம் வந்தார்.

“உன் பேரை அடிச்சுட்டேன். விதிப்படி ரெண்டு வருஷத்தையும் அடிக்கணும். ‘ராணி இல்லை’ன்னு எழுதியிருக்கேன்.”

கோர்ட் இதை மெல்ல அசைபோட்டான். “ரெண்டு வருஷமுமா?”

“ரெண்டும்.”

“அப்போ போன ஆகஸ்டுலயே கல்யாணம் பண்ணியிருக்கலாம்.”

“தாராளமா,” என்றார் வெர்னா.

மார்லிஸ் தலையைத் தடவினாள். தலைமுடி இன்னும் தொப்பி வடிவத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

வெர்னா போகாமல் நின்றார். “இந்த ஆகஸ்டுல எந்தத் தேதி?”

“பதினாறு.”

“கல்யாணத்துக்குப் புது ராணி வந்து நின்னா நல்லாயிருக்கும். வேணும்னா முப்பது நாளைக்கு முன்னாடியே எழுதிக் கொடுக்கணும்.”

“இன்னும் இருபத்தஞ்சு நாள்தானே இருக்கு மேடம்?”

வெர்னா சுற்றுமுற்றும் பார்த்தார். பதிவேட்டிலிருந்து ஒரு விண்ணப்பத்தை உருவி, பேனாவோடு நீட்டினார்.

“தேதியைப் போன வாரமாப் போட்டுக்க.”