கேட்காமல் எடுத்த மீசை

சலூன்காரருக்குச் சபையில் நல்ல பெயர். பக்கவாதத்தில் படுத்துவிட்ட பழைய பஸ் டிரைவருக்கு வாராவாரம் வீடு தேடிப் போய், காசு வாங்காமல் சவரம் செய்துவிட்டு வருகிறார் என்று போதகரே ஆராதனையில் அவரை எழுப்பி நிறுத்திச் சொல்லியிருந்தார். சலூன்காரர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். யார் யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்க்கவும் தவறவில்லை.

குடியை விட்டுவிட்டுச் சபைக்கு வந்தவர் அவர். பாழாய்ப்போன வருடங்களுக்கெல்லாம் ஏதாவது செய்து ஆண்டவரிடம் சரிக்கட்டிவிட வேண்டும் என்ற பதைப்பு உள்ளே இருந்துகொண்டே இருந்தது. டிரைவர் வீடு அதற்கு வாகாக அமைந்தது. போவார், துண்டைப் போர்த்துவார், நுரை தடவுவார், மளமளவென்று வழித்துக்கொண்டே ஒரு ஜெபத்தையும் சொல்லி முடித்துக் கிளம்பிவிடுவார். டிரைவருக்குப் பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும். அவர் வாயைத் திறந்தால், “அசையாதீங்கண்ணே, கத்தி பட்டுரும்” என்பார். தொண்டையில் கத்தி இருக்கும்போது யார்தான் வாதாடுவார்கள்?

ஒரு சனிக்கிழமை அவர் போனபோது கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. செருப்பைக் கழற்றும்போதே டிரைவரின் குரல் கேட்டது.

“இன்னைக்கு... வேண்டாம்னு... சொல்லிடும்மா.”

“ஏம்ப்பா? பாவம், கடைய விட்டுட்டு வர்றாரு,” என்றாள் மகள்.

“எனக்காகவா வர்றான்? அவனுக்கு... மேல ஏறணும். நான்... படிக்கட்டு.”

சலூன்காரருக்குச் சுருக்கென்றது. கூடவே கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. நன்றி கெட்ட மனுஷன் என்று முணுமுணுத்து, ஒரு காலைச் செருப்புக்குள் திரும்ப நுழைத்துவிட்டார். அதற்குள் மகள் வெளியே வந்து பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளுத்தது.

“உள்ள வாங்கண்ணே,” என்றாள்.

உள்ளே போனவருக்கு டிரைவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்தார். காக்கிச் சட்டையில் ஒருவர் பஸ் முன்னால் நிற்கும் படம். அடர்த்தியான, நுனி முறுக்கிய மீசை.

“இது யாரும்மா?”

“அப்பாதான். டிப்போல மீசைக்காரர்னாதான் தெரியும். அம்மாவே அந்த மீசையப் பாத்துத்தான் கல்யாணத்துக்குச் சம்மதிச்சாங்களாம்.”

சலூன்காரருக்குக் காதுமடல்வரை சுட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து தாடியும் மீசையும் காடாய் மண்டி வந்த முகத்தை முதல் நாளே மழுங்க வழித்தது அவர்தான். கடைக்கு வரும் எவரிடமும் வைக்கவா எடுக்கவா என்று கேட்காமல் அவர் மீசையில் கத்தி வைத்ததில்லை. காசு கொடுக்கிறவனுக்குக் கொடுத்த அந்த மரியாதையை, ஆண்டவருக்காக என்று வந்த இடத்தில் கொடுக்கவில்லை.

“ஏண்ணே சொல்லலை?”

“சொன்னேன். நீ... ஜெபம் பண்ணிட்டிருந்த.”

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சவரப் பெட்டியைத் திறக்காமலே கடைக்குத் திரும்பினார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“ஆண்டவரே,” என்றார் மெல்ல. “உங்க மேல பாசம்னு நெனச்சேன். வெறும் பயம்தான் இருந்திருக்கு. பாசம் இருந்திருந்தா அந்த மனுஷனை ஒரு தடவையாவது பாத்திருப்பேன்ல?” அதற்குமேல் ஜெபம் ஓடவில்லை.

மறுநாள் ஆராதனைக்குமுன், இந்த ஊழியத்தைப் பற்றி நாலு வார்த்தை சாட்சி சொல்லும்படி போதகர் அவரை அழைத்தார்.

“வேண்டாங்கய்யா. சொன்னா அது பொய்யாயிரும்,” என்றார்.

செவ்வாய்க்கிழமை பெட்டி இல்லாமல் டிரைவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“என்ன... இன்னைக்கு?” என்றார் டிரைவர்.

“சும்மாதாண்ணே வந்தேன்.”

டிரைவர் நம்பாமல் பார்த்தார். சலூன்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். “முழுக்கச் சும்மா இல்ல. வெக்கமாவும் இருந்துச்சு. மன்னிச்சிருங்க.”

டிரைவர் அசையக்கூடிய கையால் கட்டில் ஓரத்து நாற்காலியைக் காட்டினார். சலூன்காரர் உட்கார்ந்தார்.

“எந்த ரூட்டுண்ணே ஓட்டுனீங்க?” என்று கேட்டார்.

டிரைவர் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு நிறுத்தமாக, இழுத்து இழுத்து வந்தது. சலூன்காரர் குறுக்கே பேசவில்லை.