கூரை இல்லாத வண்டி

“தரை கெட்டின்னு நீதானே சொன்னே…”

“கெட்டியாத்தான்யா இருந்திச்சி, தெனம் நான் நடந்து…”

“நீ நடக்கறதும் இது வர்றதும் ஒண்ணா? வெய்ட்டு இன்னான்னு ஒரு வார்த்தை கேட்டியா?”

“எல்லாத்தையும் ஒப்பிச்சியே, அத்த மட்டும் ஏன்யா முழுங்கினே?”

பழவேற்காடு ஏரியின் காய்ந்த படுகையில், முழங்கால் வரை சேற்றில் நின்றபடி பூவரசனும் அவன் மனைவி ஜெயம்மாவும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் நடுவில் மிளகாய்ப்பழச் சிவப்பில் ஒரு சின்னக் கார், நான்கு சக்கரமும் புதைந்து, அடிவயிறு சேற்றில் படிய உட்கார்ந்திருந்தது.

பூவரசன் சென்னையில் ஒரு வெளிநாட்டுக் கார் ஷோரூமில் டிரைவர். விற்ற வண்டியை வாங்கியவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது வேலை. அடுத்த மாதம் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். அப்புறம் ஜெயம்மா ஏரித் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்க வேண்டியதில்லை. உப்பில் வெடித்த அவள் விரல்கள் ஆறிவிடும். இன்று இந்த வண்டி ஆந்திர எல்லையில் எளாவூர் சோதனைச் சாவடியைத் தாண்டி நெல்லூர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவளுக்குக் காட்டிவிட்டுப் போகலாம் என்று வழியில் திரும்பிவிட்டான்.

தன் வீட்டு வாசலில் நிறுத்தியதுமே அவளிடம் ஒப்பிக்கத் தொடங்கினான். இரண்டாயிரம் சிசி. இருநூறுக்கு மேல் குதிரைசக்தி. நின்ற இடத்திலிருந்து கிளம்பி நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஏழு விநாடிகூட ஆகாது. விலை ஐம்பத்தெட்டு லட்சம், வரி தனி. பொத்தானை அழுத்தினான், துணிக்கூரை மடிந்து மடிந்து பின்னால் போய் ஒளிந்துகொண்டது. கூரை போட்ட இதே வண்டி என்ன விலை என்று ஜெயம்மா கேட்டாள். பத்து லட்சம் குறைவு என்றான்.

“கூரை இல்லாததுக்குக் கூட துட்டா? அப்ப புயல்ல கூரை பிச்சிக்கினு போன நம்ம ஊடு இன்னா வெலைக்கிப் போவும்?”

அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் ஒரு சுற்று போகலாம் என்றான். தெருவில் வலை காய்ந்தது, நாய்கள் படுத்திருந்தன. ஒரு கீறல் விழுந்தாலும் வேலை போய்விடும் என்று பயந்தான். கீறவே வழியில்லாத இடம் ஜெயம்மாவுக்குத் தெரியும். கோடையில் பைக்குகள் குறுக்கே போகிற படுகை. வலையை இறக்கினால் படகு எழும்பி நிற்கிறதே, கூரையை இறக்கிய வண்டியும் லேசாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்தாள். கூரையில்லாத வண்டி முறுக்கிக்கொள்ளாமலிருக்க அடியில் இன்னும் இரும்பு வைத்துக் கட்டுவார்கள், மூடிய வண்டியைவிட இதுதான் கனம் என்று பூவரசனுக்குப் பாடம் நடத்தியிருந்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. படுகையின் மேல் வெயிலில் காய்ந்த பொருக்கு ஒரு சத்தமும் இல்லாமல் உடைந்தது.

கரையிலிருந்து ஊர்க்காரன் தருமன் டிராக்டர் கொண்டுவந்தான். ஈரம் தொடங்கும் இடத்திலேயே நிறுத்திக் கயிற்றை வீசினான். கயிறு கட்டும் கொக்கியைத் தனியே திருகி மாட்ட வேண்டும். அது பின்பெட்டியில், மடிந்த கூரைக்கு அடியில் கிடந்தது. பெட்டி கரண்டில் திறப்பது. சேறு ஏறிக் கரண்டு செத்திருந்தது. கிடைத்த இடத்தில் கட்டி இழுத்தார்கள். முன்பக்கத் தகடு மட்டும் பெயர்ந்து சேற்றின்மேல் சறுக்கிக்கொண்டு டிராக்டரின் பின்னால் போனது. இன்சூரன்ஸ் இருக்குமே என்று கேட்டான் தருமன். வழி மாறி வந்த வண்டிக்கு யார் தருவார்கள் என்றான் பூவரசன். தருமன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான்.

அப்போதுதான் தண்ணீர் கண்ணில் பட்டது. மணல் அடைத்துக் கிடந்த முகத்துவாரத்தை அந்த வாரம்தான் வெட்டித் திறந்திருந்தார்கள். கடல் உள்ளே ஏறினால் இறால் வரும் என்று ஊரே காத்திருந்தது. இன்றைக்கே இவ்வளவு தூரம் எட்டும் என்று யாரும் நினைக்கவில்லை. விரல்கடை உயரத்தில், அவசரமில்லாமல், படுகை முழுக்க விரிந்து வந்து சக்கரத்தைச் சுற்றி நின்றது. பிறகு கதவிடுக்கில் நுழைந்தது. ஜெயம்மா புடவை முந்தானையைச் சுருட்டி இடுக்கில் அடைத்துப் பார்த்தாள். முந்தானையும் நனைந்தது. தண்ணீர் சீட்டு வரை ஏறியது.

கைபேசி அடித்தது. ஷோரூம் மேலாளர் சத்தம் போடவில்லை. வண்டி இருக்கும் இடம் தங்களுக்கு மேப்பில் தெரியும் என்றும், அது ஏரிக்குள் காட்டுகிறதே என்றும் கேட்டார். பூவரசன் கைபேசியை டிரைவர் சீட்டில் வைத்தான். அது பேசிக்கொண்டே நனைந்தது.

தானே வந்து பழியை ஏற்பதாகவும் ஆபீசில் யார் காலில் வேண்டுமானாலும் விழுவதாகவும் ஜெயம்மா சொன்னாள்.

“உன்னைத் திட்டி இன்னாமே ஆவப்போவுது? ஐம்பத்தெட்டு லட்சம். நம்ம ரெண்டு பேரு ஆயுசும் பத்தாது.”

அவன் குரலில் கோபம் போயிருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கோபம் இருந்தவரை அவன் அவளோடு இருந்தான். ஒரு காலைப் பிடுங்கி வைத்தான், மறுகாலைப் பிடுங்கினான், தண்ணீர் வந்த திசையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். அவளும் கிளம்பப் பார்த்தாள். ஒரு காலை எடுக்க மறுகால் இறங்கியது. தண்ணீர் அவனுக்கு இடுப்புவரை வந்திருந்தது.

“யோவ்… கரை இந்தப் பக்கம்யா.”